டேட்டா செலவில்லாமல் போனையே கேம் கொன்ட்ரோலராக்குவது எப்படி?

டிசம்பர் லீவுக்கு அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வெளியே விடாத மழை. லெப்டொப்பை டிவியில் மாட்டி கார்ப் பந்தயம் விளையாடலாம் என்று பார்த்தால், இருப்பது ஒரே ஒரு கொன்ட்ரோலர். அதுவும் யாரும் தொடாமலே வண்டியை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதுகிற கிழடு. "உங்க போனையே கொன்ட்ரோலரா மாத்திக்கலாம்" என்றேன். மூத்தவன் முகம் சுருங்கிவிட்டது. "டேட்டா தீந்துருமே மாமா, நேத்துதான் ரீலோட் போட்டேன்!"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். செயலியை ஒருமுறை இறக்கிக்கொள்ள டேட்டா வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுக்கு ஒரு மெகாபைட் கூடப் போகாது. திரையில் பொத்தானை அமுக்கும்போது போன் அனுப்புவது "இந்தப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள்" என்ற சின்னஞ்சிறு செய்தி. அது நாலடி தள்ளி இருக்கும் லெப்டொப்புக்கு நேராகப் போகிறது. மலை உச்சியில் நிற்கும் டவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வைஃபை என்றாலே இன்டர்நெட் என்று நினைத்துப் பழகிவிட்டோம். டவுனுக்குப் போகிற மெயின் ரோடு மண் சரிந்து மூடிக் கிடந்தாலும் லயத்திலிருந்து பிரட்டுக் களத்துக்கு நடந்து போகலாம் இல்லையா? வீட்டு வைஃபை அந்தத் தோட்டத்து ரோடு மாதிரி.

எதோடு இணைக்கப் போகிறீர்கள்?

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி, ஆண்ட்ரொய்ட் டிவி என்றால் வேலை சுலபம். பிளேஸ்டேஷனோ எக்ஸ்பொக்ஸோ மாதிரி கேம் கொன்சோல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் ஏமாற வேண்டியிருக்கும். சாதாரண போனை அவை நேரடியாகக் கொன்ட்ரோலராக ஏற்காது. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் 'ரிமோட் பிளே' என்று ஒரு வசதி இருக்கிறது. கொன்சோலின் செட்டிங்ஸில் அதை இயக்கிவிட்டு, போனில் அதற்கான செயலியைப் போட்டு, அதே கணக்கில் நுழைந்தால் விளையாட்டுப் படமும் பொத்தான்களும் போன் திரையிலேயே வரும். ஆனால் நுழைவதற்கு இன்டர்நெட் வேண்டும், படத்தையே அனுப்புவதால் வைஃபையும் வலுவாக இருக்க வேண்டும். நம் பக்கத்து இணைப்பை நம்பி அதில் இறங்கச் சொல்லமாட்டேன். கணினியோடு தொடங்குவோம்.

புளூடூத் வழி

எனக்குப் பிடித்த வழி இதுதான். ரவுட்டர் வேண்டாம், கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். 2018இல் வந்த ஆண்ட்ரொய்ட் 9 முதல், போன் தன்னை ஒரு கீபோர்ட் என்றோ கேம்பேட் (கையில் பிடிக்கும் கொன்ட்ரோலர்தான்) என்றோ புளூடூத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும். கணினியைப் பொறுத்தவரை பக்கத்தில் இருப்பது போன் இல்லை, கடையில் வாங்கிய கேம்பேட். ஐபோனில் இந்த வழி இல்லை. அவர்கள் கீழே வைஃபை வழிக்குப் போய்விடலாம்.

முதலில் போனில் செட்டிங்ஸ் போய், அது ஆண்ட்ரொய்ட் 9 அல்லது அதற்குப் பிந்தியதா என்று பாருங்கள். லெப்டொப் என்றால் புளூடூத் அநேகமாக உள்ளேயே இருக்கும். மேசைக் கணினி என்றால் யூஎஸ்பியில் செருகுகிற சின்ன புளூடூத் டொங்கிள் ஒன்று தேவைப்படலாம்.

அடுத்தது, பிளே ஸ்டோரில் 'புளூடூத் கேம்பேட்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். நிறைய வரும். கணினியில் துணை மென்பொருள் எதுவும் வேண்டாம் என்று விளக்கத்தில் சொல்லியிருக்கிற ஒன்றைப் பிடியுங்கள். திறந்ததும் அனுமதி கேட்கும். ஆண்ட்ரொய்ட் 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று கேட்கும். அதற்கு முந்திய போன்களில் இருப்பிடத்தைக் கேட்கும். புளூடூத் தேடலுக்கு அப்போது அது தேவையாக இருந்தது, பயப்பட வேண்டாம். ஆனால் கேம்பேட் செயலி ஒன்று உங்கள் தொடர்புப் பட்டியலையும் மெசேஜையும் கேட்டால், சரி சொல்லாமல் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். என் முதல் நாள் முழுதும் இதில்தான் போனது. பாட்டு கேட்கவோ படம் அனுப்பவோ அந்தப் போனை ஏற்கெனவே லெப்டொப்போடு இணைத்திருந்தால், பழைய இணைப்பை இரண்டு பக்கமும் அழித்துவிடுங்கள். கணினி அதைப் 'போன்' என்றே ஞாபகம் வைத்திருக்கும், கேம்பேடாகப் பார்க்காது. அப்புறம் செயலியைத் திறந்து, அதற்குள்ளிருந்தே போனை மற்றச் சாதனங்களுக்குத் தெரிகிறபடி வையுங்கள். செயலி திறந்திருக்கும்போதே லெப்டொப்பின் புளூடூத் செட்டிங்ஸில் புதிய சாதனம் சேர்க்கும் பொத்தானை அமுக்குங்கள். போனின் பெயர் வரும். இரண்டு திரையிலும் ஒரே இலக்கம் தெரிந்தால் இரண்டிலும் சம்மதம் கொடுங்கள். திரும்பத் திரும்பச் செய்தும் வரவில்லையென்றால் உங்கள் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம். சில போன்களில் தயாரித்தவர்களே இந்த வசதியை மூடிவிட்டிருப்பார்கள். அப்படியானால் வைஃபை வழிதான்.

இணைந்ததும் உடனே விளையாட்டுக்குள் குதிக்காதீர்கள். விண்டோஸ் தேடலில் 'கேம் கொன்ட்ரோலர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'செட் அப் யூஎஸ்பி கேம் கொன்ட்ரோலர்ஸ்' என்று பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் உங்கள் கேம்பேடைத் தெரிவுசெய்து 'பிரொப்பர்ட்டீஸ்' அமுக்குங்கள். போனில் பொத்தானைத் தொட்டால் அங்கே சிவப்பு வட்டம் எரிய வேண்டும். எரிந்தால் இணைப்பு சரி; இனி என்ன தகராறு வந்தாலும் அது விளையாட்டின் அமைப்பில்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். போனை விமான நிலைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றி, புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்குங்கள். டேட்டா போகவே வழியில்லை, நடுவில் அழைப்பு வந்து வண்டி பள்ளத்தில் விழவும் வழியில்லை. இதைச் செய்து காட்டிய பிறகுதான் மூத்தவன் முகம் தெளிந்தது.

எந்த விளையாட்டில் பழகுவது?

சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார்ப் பந்தயத்தைச் சொல்வேன். இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும், ஒரே திரையைப் பிரித்துப் பல பேர் விளையாடலாம். அமைப்புகளில் கொன்ட்ரோலர் பகுதிக்குப் போய், எந்தப் பொத்தான் எதற்கு என்று நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். போன் இல்லாத ஆள் கீபோர்டில் சேர்ந்துகொள்ளட்டும்.

மற்ற விளையாட்டுகளில் கேம்பேட் வேலை செய்யாவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இன்றைய கணினி விளையாட்டுகள் பல எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. கணினி விளையாட்டுகளை வாங்கி விளையாடும் 'ஸ்டீம்' என்ற மென்பொருள் வழியாக விளையாடினால் அதன் செட்டிங்ஸில் கொன்ட்ரோலர் பகுதியில், சாதாரண கேம்பேடுகளுக்கும் 'ஸ்டீம் இன்புட்'டை இயக்குங்கள். அது நடுவில் நின்று மொழிபெயர்த்துவிடும்.

வைஃபை வழி

இதில் போனில் ஒரு செயலி, கணினியில் அதன் துணை மென்பொருள். அந்தத் துணை பெரும்பாலும் கணினிக்குள் ஒரு போலி எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரை உருவாக்கும், அதனால் மேலே சொன்ன தொல்லை குறைவு. அதை அந்தச் செயலியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முதல் முறை ஓடவிடும்போது, வெளி இணைப்புகளைத் தடுத்துக் காவல் காக்கும் விண்டோஸ் ஃபயர்வோல் அனுமதி கேட்கும். தனியார் வலையமைப்புக்கு அனுமதி கொடுங்கள். அவசரத்தில் வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, போனில் கணினி தெரியவில்லையே என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் அதிகம்.

ரவுட்டர் இல்லையா? ஒரு ஆண்ட்ரொய்ட் போனின் ஹொட்ஸ்பொட்டை இயக்கி, அதே போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். லெப்டொப்பும் மற்றப் போன்களும் அதில் சேரட்டும். டேட்டாவை அணைக்காமல் விட்டால், விளையாட்டு தின்னாத டேட்டாவை விண்டோஸ் அப்டேட் தின்றுவிடும். சேர்ந்த போன்களில் "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடரவா?" என்று கேட்டால் தொடரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போன் நைசாகக் கழன்று டவருக்குப் போய்விடும்.

செயலி கணினியைத் தானாகக் கண்டுபிடிக்காவிட்டால், விண்டோஸில் கமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகொன்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஐபிவி4 என்ற வரியில் உள்ள இலக்கத்தைச் செயலியில் எழுதுங்கள். ரவுட்டரில் விருந்தினருக்கான வைஃபையில் சேர்ந்திருந்தால் அதிலிருந்து வெளியே வாருங்கள். அதில் ஒரு சாதனத்துக்கு இன்னொன்று தெரியாதபடி அடைத்திருப்பது வழக்கம்.

பொத்தான் தாமதமாகப் பேசினால்

விளையாட்டு நொடிக்கு 60 சட்டகம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) ஓடினால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லிநொடி. அதனால் கொஞ்சம் தாமதித்தாலும் கை உணர்ந்துவிடும். புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்குகின்றன. அடுத்தடுத்த காம்பிராக்களில் நாலு வீட்டு வைஃபையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். அந்த அலைக்குச் சுவரைத் தாண்டும் பலம் குறைவு, ஆகவே ரவுட்டரை இஸ்தோப்பில் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து விளையாடாதீர்கள்.

உண்மையைச் சொன்னால் சண்டை விளையாட்டுக்கும் பந்து விளையாட்டுக்கும் போன் சுமார்தான். கண்ணாடித் திரையில் விரலுக்குப் பொத்தான் தட்டுப்படாது. பொத்தான் இருக்கும் இடத்தில் மெல்லிய டேப் துண்டு ஒன்றை ஒட்டினேன்; பார்க்காமலே பிடிபட்டது. நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் கம்பளிக் கையுறையைக் கழற்ற வேண்டியதுதான், அதன் வழியாகத் தொடுதிரை உணராது. பிளேன்டி கோப்பையில் கையைச் சூடாக்கிக்கொண்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

கார்ப் பந்தயம் மட்டும் வேறு கதை. போனுக்குள் சாய்வை உணரும் சென்சர் இருக்கிறது. செயலியில் சாய்த்து ஓட்டும் அமைப்பு இருந்தால் அதைத் தெரிவுசெய்து, போனை ஸ்டியரிங் மாதிரி இரு கையாலும் பிடித்துத் திருப்புங்கள். மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தை ஏப்ரலில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு வளைவில் உடம்பையே சேர்த்துச் சாய்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சின்னவள் முதல் சுற்றிலேயே அண்ணன்மாரை முந்திவிட்டாள்.

முடிந்ததும் விமான நிலையை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அன்றைக்குப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அக்கா மாற்றி மாற்றி எடுத்திருக்கிறாள். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் குடையோடு வந்து கதவைத் தட்டி, "உங்க அக்கா லைன்ல இருக்காங்க" என்று தன் போனை நீட்டினார்.