மருத்துவமனை வைஃபையில் ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளைச் சேர்ப்பது எப்படி?

நான் பணிபுரியும் மருத்துவமனையில், ஆய்வக முடிவுகளை மருத்துவர்களும் செவிலியர்களும் தங்கள் சொந்தக் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, அந்த வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை எல்லா வார்டுகளுக்கும் ஒரே வைஃபை கடவுச்சொல்தான். செவிலியர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அது எழுதி வைக்கப்பட்டிருந்தது. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் மனப்பாடம். வி-லேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) பிரிப்பதும், யார் இணையலாம் என்று சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸை லினக்ஸில் நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கைப்பேசிகளுக்குத் தனி வி-லேன் ஒதுக்குங்கள். அங்கிருந்து இணையத்திற்கும், மருத்துவமனை மென்பொருள் சர்வரின் 443 போர்ட்டுக்கும் மட்டும் ஃபயர்வாலில் வழி விடுங்கள். ஸ்கேன் கருவிகள் படங்களை அனுப்பப் பயன்படுத்தும் டைகாம் நெறிமுறை பெரும்பாலும் 104 அல்லது 11112 போர்ட்டில் குறியாக்கமின்றியே ஓடுவதால், அந்தப் பக்கம் கைப்பேசிகள் எட்டிப் பார்க்கவே கூடாது.

படி 2: வைஃபை தரும் அக்சஸ் பாயிண்ட்டில், ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சரிபார்க்கும் டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸைத் தேர்ந்தெடுத்து, ரேடியஸ் சர்வரின் முகவரியையும் 1812 போர்ட்டையும் கொடுங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும் பீப் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல் என்று ஒன்று இருந்தால் அது மீண்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் போய்ச் சேரும். ஆளுக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் (அடையாளத்தை நிரூபிக்கும் கோப்பு) வழங்கும் இஏபி-டிஎல்எஸ் முறையே சரி. கைப்பேசிகளின் எம்ஏசி முகவரிகளை (கருவிக்குக் கருவி மாறும் அடையாள எண்) பட்டியலிட்டு, அதை நம்பியும் பயனில்லை, ஏனெனில் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் வைஃபைக்குப் போலி முகவரியையே காட்டுகின்றன. ஃப்ரீரேடியஸுடன் வரும் மாதிரிச் சான்றிதழ்கள் 60 நாளில் காலாவதியாகிவிடும். மற்ற சான்றிதழ்களுக்கெல்லாம் கையொப்பமிடும் வேர்ச் சான்றிதழைச் சொந்தமாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: கைப்பேசியில் சான்றிதழை ஏற்றுவது. என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம் இதுதான். சான்றிதழ் உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் 3 மென்பொருளைக் கொண்டு நான் உருவாக்கிய பி12 கோப்பை (சான்றிதழையும் அதன் சாவியையும் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய கோப்பு), ஒரு செவிலியரின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்து கடவுச்சொல்லை இட்டால், தவறான கடவுச்சொல் என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. எழுத்தெழுத்தாக நானே தட்டிப் பார்த்தும் அதே பதில்தான். கடவுச்சொல்லில் பிழையே இல்லை. ஓபன்எஸ்எஸ்எல் 3 பயன்படுத்தும் புதிய குறியாக்கம் பழைய கைப்பேசிகளுக்குப் புரியாததால், அவை அப்படிச் சொல்கின்றன. ஏற்றுமதிக் கட்டளையில் லெகஸி என்ற விருப்பத்தைச் சேர்த்து மீண்டும் உருவாக்கியதும் கோப்பு திறந்தது.

ஆனாலும் வைஃபை அமைப்பில் சான்றிதழ் தென்படவில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் சான்றிதழை நிறுவும்போது எதற்காக என்று கேட்கும். அங்கே விபிஎன் மற்றும் ஆப்ஸ் என்பதைத் தொட்டுவிட்டால் வைஃபை பட்டியலில் அது வரவே வராது. வைஃபை சான்றிதழ் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து டொமைன் என்ற கட்டத்தில், ரேடியஸ் சர்வர் சான்றிதழில் எழுதியிருக்கும் அதே பெயரை இட வேண்டும். முன்பு போல, சரிபார்க்க வேண்டாம் என்று விட்டு நகரும் வசதியைப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகள் எடுத்துவிட்டன. அது நல்லதுதான்: இல்லாவிட்டால் அதே பெயரில் வாசலில் ஒரு போலி வைஃபையை நிறுத்தினால் கைப்பேசி அதனிடம் போய் ஒட்டிக்கொள்ளும்.

படி 4: முழுக் கைப்பேசியையும் மருத்துவமனையின் கட்டுப்பாட்டில் எடுக்கும் மென்பொருளைத் திணிக்காதீர்கள். தன் பேரக்குழந்தையின் படங்களை நாம் அழித்துவிடுவோமோ என்று அஞ்சும் மூத்த மருத்துவர் அதை ஏற்கவே மாட்டார். வேலைக்கான செயலிகளையும் தரவையும் தனியே பிரித்து வைக்கும் ஆண்ட்ராய்டின் பணி சுயவிவரம் போதும். ஊழியர் விலகும்போது அதை மட்டும் நீக்கலாம்.

பின்சேர்க்கை: வைஃபை இணைந்தும் மருத்துவமனை மென்பொருள் மட்டும் திறக்கவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். சர்வர் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு, கைப்பேசியின் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பில் வெளி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், உள் சர்வரின் பெயர் கிடைக்காது. தானியங்கு நிலைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொன்று என் அனுபவம். விலகியவர்களின் சான்றிதழ்களை ரத்துப் பட்டியலில் சேர்த்து, அதைச் சரிபார்க்கும்படி ஃப்ரீரேடியஸையும் அமைத்திருந்தேன். அந்தப் பட்டியலுக்கும் காலாவதி உண்டு. மாதிரி அமைப்பில் 30 நாள். அதைப் புதுப்பிக்க மறந்த மாதம், காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அனைவரையும் சர்வர் நிராகரித்தது. இப்போது வாரம் ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்து, ஃப்ரீரேடியஸை மறுதொடக்கம் செய்யும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் லினக்ஸின் க்ரானில் எழுதி வைத்திருக்கிறேன்.