பட்டர்ஃபிளை நீச்சல் இறுதிச் சுற்றில் யார் ஜெயிப்பார் என்று கணிப்பது எப்படி?

பெயரைப் பார்க்காதீர்கள், அரையிறுதி நேரத்தைப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக் 100 மீட்டரில் நான் கண்ணை மூடிக்கொண்டு அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸை நம்பினேன். அரையிறுதியில் வேகமாக நீந்தியவர் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங். தங்கமும் அவருக்கே, 50.39 விநாடியில். பெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் லெ க்ளோஸ், ஹங்கேரியின் சே மூவரும் 51.14-இல் வெள்ளியைப் பகிர்ந்தார்கள்.

அப்புறம் அந்த அரையிறுதி நேரத்தை முதல் 50 மீட்டர், இரண்டாவது 50 மீட்டர் என இரண்டாகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள். நான் முதலில் பார்ப்பது இரண்டாவது 50 மீட்டரைத்தான். தோள் சோர்ந்தால் இடுப்பு தாழும், கை தண்ணீரை உரசும், முன்னிலை கரையும். 2008 பெய்ஜிங்கில் திரும்பும்போது ஏழாவதாக இருந்த பெல்ப்ஸ், செர்பியாவின் சாவிச்சை 0.01 விநாடியில் முந்தினார். அந்தக் கடைசி மீட்டரை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நிற்கும். சாவிச் சறுக்கி வந்தார், பெல்ப்ஸ் இன்னொரு அரை வீச்சு போட்டார். அதனால் அரையிறுதியில் ஒவ்வொருவரும் சுவரை எப்படித் தொடுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்துக்குப் பின் நீருக்கடியில் 15 மீட்டர் வரை போகலாம். அங்கே டால்பின் உதை (இரு கால்களையும் சேர்த்து அடிப்பது) தளராதவர் பெயருக்கு நான் ஒரு நட்சத்திரம் போடுவேன்.

நான்காவது தடம் அரையிறுதியில் முதலிடம் பிடித்தவருக்கு. சரி, ஓரத் தடங்களையும் விட்டுவிடாதீர்கள்.