கன்வெர்ட்டரைக் குடைந்தெடுத்தால் கார் பறக்காது

மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி திணறுகிறது என்று ஒரு தம்பி தன் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். சத்தம் மட்டும் பந்தய வண்டிபோல் இருந்தது. "அண்ணா, கன்வெர்ட்டரைக் காலி செய்தால் பிக்கப் வந்துவிடும் என்றார்கள். செய்தும் பார்த்துவிட்டேன். முன்பைவிட மோசமாகத்தான் ஓடுகிறது" என்றார்.

அடியில் படுத்து, இன்ஜின் புகையிலுள்ள நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் மாட்டியிருக்கும் அந்த டப்பாவை, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை, ரப்பர் சுத்தியலால் தட்டினேன். காலி டப்பாவைத் தட்டினாற்போல் ஓசை வந்தது. கன்வெர்ட்டரின் வயிற்றைச் சுற்றிப் புது வெல்டிங் தழும்பு. பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தேன். மூன்று பிளக்குகளின் முனை வெளிர் பழுப்பு. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து, ஈரமாக, பெட்ரோல் வாடையுடன் இருந்தது. அதற்குப் பொறி எழுப்ப மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைத் திருப்பிப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். நோய் அங்கே இருந்தது. தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. இப்போது அவருக்குக் காயிலும் வேண்டும், கன்வெர்ட்டரும் வேண்டும்.

தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதே கதையுடன் வரும் கார்கள் குறையவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். தேனடைபோல் நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் என்பது வழக்கமான கணக்கு. அந்தத் துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றும் இந்தப் பூச்சின் மேல் படும்போது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. சுமார் 250 அல்லது 300 டிகிரி செல்சியஸ் சூடேறிய பிறகுதான் இந்த வேலை தொடங்கும். சூடேறிவிட்டால் இந்த மூன்று நச்சுகளிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே ஒழிந்துவிடும்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கொன்றுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதுதான் இந்த நகரங்களுக்கு வந்தது.

இனி தவறுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் தாய் போன்ற தவறு, இழுவை குறைந்தவுடன் கன்வெர்ட்டரைக் குற்றவாளியாக்குவது. கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, வேறொன்று அதைக் கொல்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது பெட்ரோலை எரிக்காமல் விட்டால், எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. வெப்பம் ஆயிரம் டிகிரியையும் தாண்டி வெகுவாக ஏறினால் பீங்கான் உருகிக் கட்டிதட்டி வழியை அடைத்துக்கொள்ளும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரியும் வண்டியில், ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அந்தப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். இன்ஜின் மேல்பகுதியை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே எரிந்தாலும் அதே கதிதான். இவற்றில் எதையும் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் மாட்டினால் சில மாதங்களில் அதுவும் போய்விடும். புதிதை மாட்டிக்கொண்டு போனவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்து நின்ற காட்சியை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் செக் இன்ஜின் விளக்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறைக்கு வாருங்கள். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் கன்வெர்ட்டரை அந்த நிமிடமே எரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். மின்னும் விளக்கோடு எண்ணூரிலிருந்து பாரிமுனை வரை ஓட்டி வருவதும் கன்வெர்ட்டரைக் கையோடு கழற்றிக் கடலில் எறிவதும் ஒன்றுதான்.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினால் போதும். வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாகச் சுழலும் ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு), 2,500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐக்குள்ளும் நின்றால் வழி திறந்திருக்கிறது. அரைமணி நேர வேலை. இந்த அளவை எடுத்துக் காட்டாமல் 'கன்வெர்ட்டர் போய்விட்டது' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இரண்டாவது, எடுத்துவிட்டால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை. பந்தய மைதானத்தில் ஓடும் டர்போ கார்களில், இன்ஜினை இயக்கும் கணினிக் கட்டளைகளான மேப்பையும் மாற்றி எழுதும்போது, புகை வழியைத் தாராளமாக்கினால் பலன் உண்டு. அதை மறுக்கவில்லை. நம் வீட்டு வாசலில் நிற்கும் 1.2 லிட்டர் கார் வேறு. நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டர் அதில் தடுக்கும் சக்தி மிகச் சொற்பம். அதை எடுத்தால் கிடைப்பது ஓரிரு குதிரைத்திறன், அதுவும் இன்ஜின் உச்சத்தில் சுழலும்போது மட்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிறவருக்கு அந்த உச்சம் எப்போது வரும்? சத்தம் கூடுவதால் சக்தி கூடியதுபோல் காதுக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். அந்தத் தம்பியும் முதல் இரண்டு வாரம் வண்டி பறந்தது என்றுதான் சொன்னார். உருகி அடைத்திருந்த கட்டியை எடுத்ததால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். காயில் கெட்ட சிலிண்டர் அப்போதும் வேலை செய்யவில்லை.

காரின் கணினியை ஏமாற்றப் பார்ப்பது அடுத்த தவறு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், பல கார்களில் முன்னால் உள்ளதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பின்னால் உள்ளது 0.6, 0.7 என்று அமைதியாக நிற்கும். கன்வெர்ட்டர் ஆக்ஸிஜனைச் சேமித்து அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடுவதே காரணம். உள்ளே கட்டி இல்லையென்றால் பின்னால் உள்ள சென்சாரும் முன்னால் உள்ளதைப் போலவே ஆடத் தொடங்கும். கணினி அதைக் கண்டு பி0420 என்ற குறியீட்டைப் பதிந்து விளக்கை எரிய விடும். இதை மறைக்கச் சென்சாருக்கும் குழாய்க்கும் இடையே சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் என்ற துண்டை வைக்கிறார்கள். சிலர் விளக்கின் ஒயரையே வெட்டிவிடுகிறார்கள். இனி உண்மையாகவே ஒரு மிஸ்ஸிங் வந்தாலும் உங்களுக்குச் சொல்ல அந்த வண்டியில் யாரும் இல்லை.

'காசே வேண்டாம், எடுத்துத் தருகிறோம்' என்று சொல்லும் இடங்களில் கவனமாக இருங்கள். நிறுவனமே பொருத்திய கன்வெர்ட்டருக்குள் இருக்கும் அந்த உலோகப் பூச்சுக்காகவே பழைய இரும்பு வியாபாரிகள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். இலவசம் என்று அவர்கள் சொல்லும் வேலையின் கூலி உங்கள் காரிலிருந்து உடைத்தெடுத்த கட்டிதான். கம்பியையும் உளியையும் வைத்து அதைக் குத்திக் குடைகிற பையன்களின் நிலைதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. முகத்தில் ஒரு துணிகூட இருக்காது. பீங்கான் தூளும், கட்டியைச் சுற்றியுள்ள இழைப்பாயின் நுண்துகளும் வெள்ளைப் புகைபோல் எழுந்து தலைமயிர், புருவம் எல்லாம் படியும். அது நுரையீரலுக்குள் போனால் அவ்வளவு எளிதில் வெளியே வராது. பதினெட்டு வயதுப் பையனுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காற்று மாசு, ஒலி விதிகளை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அத்துடன் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். புகைப் பரிசோதனையில் பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதி) காரும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் காரும் ஐடிலில் 0.3 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக்கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் அந்த அளவுக்குள் நிற்பது மிகக் கடினம்.

மாற்றியே ஆக வேண்டும் என்று உறுதியானால், மலிவைத் தேடி ஓடாதீர்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் கன்வெர்ட்டர்களில் பலவற்றில் உலோகப் பூச்சு மிகக் குறைவு. மாட்டிய புதிதில் விளக்கு அணையும், சில மாதங்களில் மறுபடி எரியும். பிஎஸ்4 காரின் உறுப்பை 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 காரில் வெல்டிங் வைத்துப் பொருத்துவதும் வேண்டாம். புதுப்பேட்டையில் பழையது வாங்குகிறவர்கள் குறைந்தபட்சம் இரு பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளைகள் சீராக, முழுதாகத் தெரிய வேண்டும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரக்கூடாது. ஏற்கெனவே குடைந்தெடுத்த கூடுகளும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. உறுப்பின் எண்ணை உங்கள் காருக்கு உரியதா என்று நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

பொருத்தும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். புகைக் கசிவை அடைக்கச் சாதாரண சிலிகான் பசையைத் தடவ விடாதீர்கள், அதன் ஆவி சென்சாரையும் பூச்சையும் கெடுக்கும். கசிவு நின்றதா என்று கட்டாயம் சோதித்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்சீட்டில் குழந்தை தூங்கும் காரில் புகை கசிவதை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது.

நம் பகுதிக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும்போது, நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய காரை உள்ளே இறக்காதீர்கள். பழுக்கக் காய்ந்த பீங்கான் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடும். பேட்டரி இறங்கிய காரைத் தெருவே சேர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேர்கிறது. ஜம்பர் கேபிள் போடுங்கள். டீசல் கார் வைத்திருப்பவர்கள், தண்டையார்பேட்டைக்கும் ராயபுரத்துக்குமாகக் குறுகிய தூரமே ஓட்டினால் புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய வாய்ப்பே கிடைக்காது. வாரம் ஒருமுறை மணலி விரைவுச்சாலை பக்கம் லாரி நெரிசல் இல்லாத நேரத்தில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். வடிகட்டியை வெட்டியெறிவதைவிட அது எவ்வளவோ மலிவு.

மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் சேர்த்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை என்று இங்கே ஏற்கெனவே மூச்சுக்குப் பாரம் அதிகம். அவற்றை நிறுத்தும் அதிகாரம் ஒரு மெக்கானிக்குக்கு இல்லை. என் பட்டறைக்கு வரும் காரின் வாலில் என்ன வெளியேறுகிறது என்பது மட்டும் என் கையில் இருக்கிறது. அதனால்தான் எவ்வளவு பணம் தருகிறேன் என்றாலும் கன்வெர்ட்டரைக் குடைகிற வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை.

அந்தத் தம்பியின் காருக்குக் காயிலையும் பிளக்கையும் அன்றே மாற்றினேன். கன்வெர்ட்டருக்கு அவர் இரண்டு மாதம் பணம் சேர்த்தார். பொருத்திய மறுநாள் காலை மூலக்கடை மேம்பாலத்தின் உச்சியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். நான்காவது கியரிலேயே ஏறிவிட்டது என்றார். பின்னணியில் இன்ஜின் சத்தம் கேட்கவே இல்லை.