கடலூர், புதுச்சேரி: இறப்புப் பதிவைத் தேடிப் பெறுவது எப்படி?

இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றதும் இறந்தவர் வாழ்ந்த ஊரின் அலுவலகத்திற்குத்தான் நாம் முதலில் போகிறோம். குடும்ப அட்டை அங்கே, வாக்காளர் பட்டியலில் பெயர் அங்கே, அடக்கமும் கருமாதியும் அங்கே என்பதால் பதிவும் அங்கேதான் இருக்கும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. உயிர் எந்த இடத்தில் பிரிந்ததோ அந்த இடத்திற்குரிய பதிவாளரிடமே அந்த இறப்பு பதிவாகிறது. தேடத் தொடங்கும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, அவர் எங்கே வாழ்ந்தார் என்பதன்று, எங்கே இறந்தார் என்பதே.

வேறு மாவட்டத்தாருக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். கடலூர்க்காரர்களுக்கு அப்படியன்று. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் தொடங்கிவிடுகிறது. நோய் முற்றினால் கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மக்கள் புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குத்தான் நோயாளியைக் கொண்டு செல்கிறார்கள். அங்கே இறந்தவரின் உடலை அன்றிரவே ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டால், அவரால் தர இயலாது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் இருப்பதால் அந்நகராட்சியில்தான் அந்தப் பதிவைத் தேட வேண்டும். புதுச்சேரி நகருக்குள் இறந்திருந்தால் புதுச்சேரி நகராட்சி. சுற்றுவட்டாரமென்றால் பாகூர், அரியாங்குப்பம், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளில் (புதுச்சேரியின் கிராமப்புற உள்ளாட்சி அமைப்புகள்) உரியது. மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், ஓடும் வண்டியிலேயே உயிர் பிரிந்துவிட்டால், வண்டி முதலில் நின்ற இடத்தில் தகவல் தர வேண்டும் என்பது விதி. எல்லைப்புறத்தில் இந்த ஒரு வரியே ஒரு குடும்பத்தை இரு அரசுகளுக்கு நடுவே அலைய விட்டுவிடக்கூடும் என்பதால், வண்டி எங்கே நின்றது, மருத்துவர் எங்கே பார்த்தார் என்பதை உடன் சென்றவரிடம் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடலூர் மாவட்டத்திற்குள்ளேயே இறந்திருந்தால் அலுவலகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. 2021இல் மாநகராட்சியான கடலூரிலும் மற்ற நகராட்சிகளிலும் சுகாதாரப் பிரிவையும், பேரூராட்சியில் அதன் அலுவலகத்தையும், ஊராட்சிகளில் கிராம நிர்வாக அலுவலரையும் அணுக வேண்டும்.

அண்மைக் காலத்து இறப்பானால் அலுவலகத்திற்குப் போகுமுன் இணையத்தில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2018 முதல் பதிவுகள் பொதுவான மென்பொருளில் ஏற்றப்பட்டு வருவதால், இறந்தவரின் பெயர், பாலினம், இறந்த தேதி, இடம் ஆகியவற்றைக் கொடுத்துச் சான்றிதழைக் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ள வழியிருக்கிறது. திரையில் ஒன்றும் வராவிட்டால் பதிவே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ‘சுப்பிரமணியன்’ என்று நாம் தேடும் பெயர் அங்கே ‘சுப்ரமணியன்’ என்று இருக்கலாம், முதலெழுத்து தமிழில் இல்லாமல் ஆங்கில எழுத்தில் இருக்கலாம், இறந்த தேதிக்குப் பதில் அடக்க தேதியே பதிவாகியிருக்கலாம். இப்படி நாலைந்து விதமாகத் தேடிய பிறகே அலுவலகத்தை நாட வேண்டும்.

பழைய இறப்புகளைத் தேடுவது வேறு வகை வேலை. அதில் பெரும்பகுதி தேதியைக் கண்டுபிடிப்பதிலேயே போகிறது. நம் வீடுகளில் இறந்த நாளை யாரும் ஆங்கிலத் தேதியாக நினைவில் வைத்திருப்பதில்லை; திதிதான் நினைவிலிருக்கும். எங்கள் பெரியப்பாவின் நிலத்திற்குப் பட்டா மாற்ற அவருடைய இறப்புச் சான்று தேவைப்பட்டபோது, அவர் ‘ஆனந்த வருஷம், மாசி மாதம், தேய்பிறை சஷ்டி’யில் இறந்தார் என்பது மட்டுமே அத்தைக்குத் தெரிந்திருந்தது. ஆனந்த ஆண்டு 1974இல் பிறந்தது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, நாங்களும் 1974ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேடித்தரச் சொல்லி எங்கள் கிராமத்துக்குரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம், இல்லை என்றார்கள். சித்திரையில் பிறக்கும் தமிழ் ஆண்டின் தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுகின்றன என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு; எங்களுக்கு அது மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஆனந்த ஆண்டு மாசி என்பது 1975 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. தேய்பிறை சஷ்டி மார்ச் முதல் வாரத்தில் வருகிறது.

ஆண்டைத் திருத்திய பிறகும் எங்கள் கிராமத்துப் பதிவேட்டில் பெயர் இல்லை. அப்போதுதான் அத்தை, “பாண்டி ஆஸ்பத்திரியிலதானே போச்சு, அங்கேருந்து கார் வெச்சுத்தானே கொண்டாந்தோம்” என்று, அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதுபோலச் சொன்னார். புதுச்சேரியில் மார்ச் மாதத்துப் பக்கங்களைப் புரட்டியபோது பதிவு அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. நீல மசி பழுப்பேறிப்போன அந்த வரியில் வயது ‘சுமார் 60’ என்றிருந்தது. பெயருக்கான கட்டத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர் எழுதப்பட்டிருந்தது. மருத்துவமனையில் உடனிருந்தவர் வாயில் வந்த பெயரைச் சொல்லியிருக்கிறார். தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் ஒத்துப்போனதால் மட்டுமே அது எங்கள் பெரியப்பா என்று நிறுவ முடிந்தது. ஆகவே தேடல் மனுவில் இறந்தவரின் முழுப்பெயரோடு, அழைக்கும் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், சொந்த ஊர், ஏறத்தாழ வயது, தகவல் கொடுத்திருக்கக்கூடியவரின் பெயர் ஆகிய அனைத்தையும் எழுதிவிட வேண்டும்.

திதியும் நினைவில்லாத வீடுகளில் கருமாதிப் பத்திரிகை உதவும். பதினாறாம் நாள் காரியம் செய்யும் வழக்கமுள்ளவர்கள் இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவதால், பத்திரிகையில் உள்ள தேதியிலிருந்து 15 நாள் பின்னால் எண்ணினால் போதும். ஆனால் நாள் சரியில்லை என்று காரியத்தை முன்பின்னாக வைப்பதும் உண்டு என்பதால் இரண்டு நாள் இடைவெளி விட்டுத் தேடச் சொல்ல வேண்டும். கல்லறைக் கல்வெட்டு, தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு, நின்றுபோன ஓய்வூதியத்தின் கோப்பு ஆகியவையும் தேதி சொல்லும்.

கிராமத்துப் பழைய பதிவுகளைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்படும் வரை கிராம முன்சீப்புகளே இவற்றை எழுதிவந்தார்கள். அந்த ஏடுகள் இன்றைய கிராம நிர்வாக அலுவலரின் அலமாரியில் இருப்பதில்லை. தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோதான் விசாரிக்க வேண்டியிருக்கும். கேட்கும்போது இறப்பு நடந்த காலத்தில் அந்த ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று சொல்வது அவசியம். ஸ்ரீமுஷ்ணம் இன்று தனித் தாலுகா; முன்பு அது காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்தது. 1993இல் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முந்தைய பதிவேடுகளின் தலைப்பில் கடலூர் மாவட்டம் என்றே இராது, தென்னாற்காடு என்றிருக்கும். எந்த அலுவலகத்தில் ஏடு இருக்கிறது என்று யாரும் வாய்மொழியாகச் சொல்லாதபோது, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ‘இந்தக் கிராமத்தின் இந்த ஆண்டு இறப்புப் பதிவேடு எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது’ என்று மட்டும் கேட்பது பயன் தரும். சான்றையே அந்த மனுவில் கேட்டால், அதற்குத் தனி நடைமுறை உண்டு என்ற பதில்தான் வரும்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி எவர் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லவும், இறப்புப் பதிவிலிருந்து சான்று பெறவும் முடியும். வாரிசுச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் தேடுவோம் என்று சொன்னால் அது தலைகீழான பேச்சு. இறப்புச் சான்று கையில் இருந்தால்தான் வாரிசுச் சான்றிதழுக்கே விண்ணப்பிக்க இயலும். அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: எவருக்கும் தரப்படும் இறப்புச் சான்றில் இறப்பின் காரணம் இடம்பெறாது. காப்பீட்டு நிறுவனம் காரணம் கேட்டால், மருத்துவமனை தரும் மருத்துவச் சான்றையும், விபத்தாயின் முதல் தகவல் அறிக்கையையும் பிணக்கூறாய்வு அறிக்கையையும் தனியே பெற வேண்டும்.

தேடிய பிறகும் பதிவு இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாது. பதிவு இல்லை என்பதற்கான சான்று ஒன்று, படிவம் 10 என்ற பெயரில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அடுத்த படிக்கு அதுவே அடித்தளம். இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தால் தாமதக் கட்டணம் இல்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். அதற்குப் பிறகு ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளர் போன்ற உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவைச் சட்டம் கேட்டது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நடுவர் அல்லது ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். கடலூர் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என மூன்று வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. இறப்பு நடந்த ஊர் எந்தக் கோட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கோட்டாட்சியரிடம் மனு செய்ய வேண்டும். மனுவோடு படிவம் 10, மயானத்தில் அடக்கம் நடந்ததற்கான சான்று, கருமாதிப் பத்திரிகை, ஊர்ப் பெரியவர்கள் இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றை இணைத்துவிட்டால் விசாரணை எளிதாகிறது. காணாமல் போனவரின் நிலை வேறு. ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்றாலும், அதற்கு நீதிமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

புதுச்சேரியில் 1954க்கு முற்பட்ட இறப்புகளுக்குப் பிரெஞ்சு ஆட்சிக்காலக் குடிமைப் பதிவேடுகளே ஆதாரம். அவற்றில் தேதி எண்ணால் எழுதப்படாமல் சொற்களால் எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சு எண்களின் பெயர்களையும் மாதப் பெயர்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தால் மொழி தெரியாதவரும் தேடிவிடலாம். மிகப் பழைய தொகுதிகள் பலவற்றின் படிமங்களை பிரான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களின் பதிவுகளுக்கு நாந்த் நகரில் உள்ள மையக் குடிமைப் பதிவகத்தை நாட வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் சன்னலை விட்டு நகருமுன் பெயர், முதலெழுத்து, தகப்பனார் அல்லது கணவர் பெயர், தேதி ஆகியவற்றை ஆதார் அட்டையோடும் நிலப் பத்திரத்தோடும் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் 15ஆம் பிரிவின்படி பதிவாளரே திருத்தலாம். பழைய வரியை அழிக்காமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையொப்பமிடுவதே முறை. பதிவாளர் மறுத்தால் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. அதை அவர் 90 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். எங்கள் பெரியப்பாவின் சான்றில் வீட்டுப் பெயரே இருந்ததால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கான ஆவணங்களையும் இணைத்துத்தான் பட்டா மனுவைக் கொடுக்க வேண்டியிருந்தது.