முதல் பக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் நடுப்பக்கம். "சார், இது எங்க ஊர்ப் பத்திரம். எந்த வருஷம்னு பார்த்துச் சொல்லுங்க." முதல் பக்கம் எங்கே என்று கேட்டேன். "அதுல வெறும் முத்திரைதான் சார் பெருசா இருந்துச்சு, அதனால இறக்கல." படித்ததும் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

ஊர் வரலாறு எழுத வருகிறவர்களுக்கு இன்று பஞ்சமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து எழுத்தாவணங்களுக்கு 2005 முதல் நடக்கும் நூலகம் தளம், பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, காலனி காலத்து மாவட்டக் கையேடுகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், வீட்டுப் பரணில் கிடந்த ஓலையையும் தாளையும் படமெடுத்து வைத்திருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் என்று வீட்டிலிருந்தே திறந்து பார்க்க எத்தனையோ வந்துவிட்டன. தலபுராணத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தேடினேன், ஒன்றும் இல்லை

தேடல் பெட்டியில் இன்றைய பெயரைத் தட்டிவிட்டு "எங்க ஊரைப் பற்றி எதுவுமே இல்லை" என்று வந்து நிற்பார்கள். தஞ்சாவூர் வெள்ளைக்காரர் ஏட்டில் டாஞ்சூர், திருநெல்வேலி தின்னவேலி. உத்திரமேரூரைக் கல்வெட்டில் தேடினால் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்றுதான் வரும். மாவட்ட எல்லையும் மாறியிருக்கும். திருவண்ணாமலைக்காரர் ஒருவர் வடஆர்க்காடு நூல்களை மட்டும் புரட்டி ஓய்ந்து போனார். அவருக்கு வேண்டியது 1906இல் வந்த தென்னார்க்காடு கெஜட்டியரில், அதாவது அரசாங்கம் போட்ட மாவட்ட விவர நூலில் இருந்தது. அன்று அந்தத் தாலுகா அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. மின்னூலகங்களில் உள்ள பழைய தமிழ் நூல்களில் பல வெறும் படங்கள். தலைப்பைத் தவிர வேறெதையும் தேடல் தொடாது. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி ஓட்டியிருந்தாலும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்தாக இருக்கும். இயந்திரம் அதை என்னவாகப் படித்தது என்று அதற்கே தெரியாது. பொருளடக்கத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். கண் வலிக்கும்.

நடுப்பக்கத்தை மட்டும் எடுத்து வருவது

இதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காவிரிக் கடைமடைப் பக்கம் ஒரு கோயில் கும்பாபிஷேகம். மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு மின்தொகுப்பில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் ஆவணக்கட்டு அகப்பட்டது. நாற்பது சொச்சம் படங்கள். அன்றைய இணைய வேகத்தில் ஒரு படம் இறங்குவதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் ஒவ்வொன்றையும் சின்ன அளவில் பார்த்து, ஊர்ப்பெயர் கண்ணில் பட்ட படத்தை மட்டும் இறக்கினேன். அதில் இப்படி ஒரு வரி:

"மேற்படி தாது௵ தை௴ 12௳ முதல் மேற்படி நஞ்சை 3 மாவையும் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்வீர்களாகவும்."

௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, மா ஒரு நில அளவு. அதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற மிதப்பு. தாது வருஷம் என்றதுமே மனசு பஞ்சத்துக்கு ஓடிவிட்டது. 1876இல் தொடங்கி 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் புரட்டிப் போட்ட தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்படாத தமிழன் யார்? வயிற்றுக்கில்லாமல் ஒரு குடும்பம் மூன்று மா நஞ்சையை விற்றுவிட்டு நிற்கிறது. கதை தானாக எழுதிக்கொண்டது. மலரில் முக்கால் பக்கம் வந்தது. படித்த நாலு பேர் கண் கலங்கியதாகச் சொன்னார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு வேலையாக அதே கட்டைத் திறந்தேன். அப்போது இணையம் கொஞ்சம் வேகமாகியிருந்தது, எல்லாவற்றையும் இறக்கினேன். நான் விட்டுவிட்ட முதல் பக்கத்தில், முத்திரைத் தாளின் உச்சியில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தாடியோடு உட்கார்ந்திருந்தார். 1876 என்றால் அங்கே விக்டோரியா அல்லவா இருக்க வேண்டும்? கீழே முதல் வரியிலேயே "1937ம்௵ ஜனவரி௴" என்று தெளிவாக எழுதியிருந்தது. அடுத்த படம் ஒரு வரி ரசீது, நிலவரிக் கணக்கு வருஷமான பசலியில் 1346. பசலியோடு 590ஐக் கூட்டினால் 1936 ஜூலையில் தொடங்கும் வருஷம். எல்லாம் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தியது, என் கட்டுரையைத் தவிர.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷமும் சுற்றிச் சுற்றி வரும். தாது 1816இலும் வந்தது, 1876, 1936, 1996இலும் வந்தது. இது குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. எந்தச் சுற்று என்று கேட்கத் தோன்றாததற்குக் காரணம், என் கையில் ஒற்றைத் தாள் இருந்ததுதான். அந்த ஒற்றைத் தாளுமே சொல்லத்தான் செய்தது. "மேற்படி" என்றால் என்ன அர்த்தம்? மேலே ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று எழுதியவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரே வரியில் இரண்டு தடவை. இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

விற்ற காரணமும் முதல் பக்கத்தில்தான் இருந்தது. குமாரத்தியின் கலியாணச் செலவுக்காகவும், அதற்கு முன்னால் வாங்கிய புரோநோட்டுக் கடனைத் தீர்ப்பதற்காகவும். இன்னொரு சங்கடம், அந்தப் பஞ்சம் கொன்று குவித்தது பெல்லாரி, கர்நூல், சேலம் போன்ற வறண்ட பக்கங்களில். காவிரிப் பாசனம் இருந்த தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த அளவுக்கு இல்லை. அந்தக் காலத்து மாவட்டக் கையேட்டைப் புரட்டியிருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும். நான் புரட்டவில்லை.

ஆகவே கட்டு கிடைத்தால் முழுக் கட்டையும் இறக்குங்கள். மேலட்டை, எழுத்தே இல்லாத பின்பக்கம், பூச்சி தின்ற தாள், எல்லாமும்தான். பதிவான பத்திரத்துக்குப் பின்பக்கம்தான் உயிர். சார்பதிவாளர் எழுதிய நம்பர், புத்தகம், வால்யூம், வருஷம் அங்கேதான் இருக்கும். அந்த ஆவணகம் கட்டுக்குக் கொடுத்த எண்ணையும், அதை விவரிக்கும் பக்கத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் கிடைத்தது, மற்ற தாள்கள் என்னென்ன என்பதெல்லாம் அந்த விவரத்தில்தான் இருக்கும். அப்புறம், வருஷத்தைக் கணக்குப் போடும்போது இரண்டு வழியிலாவது ஒத்துவருகிறதா என்று பாருங்கள். சகாப்தத்தோடு 78, மலையாளக் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825, பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம். கொல்லம் ஆவணியிலோ புரட்டாசியிலோ பிறக்கும், பசலி ஜூலையில், தமிழ் வருஷம் சித்திரையில். தை மாதத்துப் பத்திரத்தில் இதை மறந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அறுபது வருஷம் தள்ளிப்போவதற்கு இது பரவாயில்லை, சரி.

மூன்று புத்தகம் சொல்கிறதே

மூன்றும் ஒன்றாக இருக்கலாம். நெல்சன் 1868இல் மதுரை நாட்டுக் கையேட்டை எழுதினார். 1906இல் மதுரை கெஜட்டியர் எழுதிய பிரான்சிஸ் பல இடங்களில் அவரைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார். பிறகு வந்த உள்ளூர் நூல்கள் பிரான்சிசை. அவற்றை வைத்து ஆய்வேடு, அது சோத்கங்காவில். நீங்கள் நான்கு அடிக்குறிப்பு போட்டிருப்பீர்கள், சாட்சி ஒருவர்தான். சாதிகளைப் பற்றி அவர்கள் எழுதியதில் இது இன்னும் ஆபத்து. யார் சொல்லக் கேட்டு எழுதினார்கள் என்று தெரியாத வரிகள் இன்று சாதிச் சங்க மாநாட்டு மேடைகளில் வேதவாக்காக ஒலிக்கின்றன.

ஆண்டறிக்கையைக் கல்வெட்டு என்று நினைப்பது

தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் இருப்பது இரண்டு வரிச் சுருக்கம். "நிலதானம்" என்று அதில் முடிந்துவிடும். எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே, எத்தனை குழி, யார் யார் கையெழுத்து என்பது மூலத்தில்தான். 1890இல் முதல் தொகுதி வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் உங்கள் ஊர்க் கல்வெட்டு அச்சேறியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சேறாததும் நிறைய உண்டு. அப்போது கோயிலுக்கு நடக்க வேண்டியதுதான்.

பதிவேற்றிய ஆண்டை வெளியீட்டு ஆண்டாக எழுதுவது

செய்யாதீர்கள்.

கோப்புப் பெயர்

"ஸ்கேன் 0023 புதியது கடைசி". மாற்றுங்கள். இன்றைக்கே.

புத்தகத்தை மட்டும் தேடுவது

நூல், ஆய்வேடு, இரண்டும் இல்லையென்றால் மூட்டை கட்டிவிடுகிறார்கள். திறந்த ஆவணகங்களின் ருசியே மற்றவற்றில்தான். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் அவர் பரம்பரை, ஊர், படிப்பு, பாடல்கள் எல்லாம் சேர்த்து ஒரு சிறு நூல் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்றே அதற்குப் பெயர். நூலகம் தளத்தில் அப்படிப்பட்ட நினைவு மலர்கள் கிடக்கின்றன. 1981இல் யாழ் நூலகம் எரிந்த பிறகு, வீட்டு அலமாரியில் தப்பிக் கிடந்த இந்த மாதிரித் தாள்களுக்கு வேறு மதிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட ஆண்டு மலர், சங்க அறிக்கை, பஞ்சாங்கம் எதையும் ஒதுக்காதீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தில் 1870 முதல் 1940 வரை தமிழ்நாட்டு ஊர்ப் பஞ்சாயத்துகளின் தீர்ப்புகளைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். வரப்புத் தகராறும் குடும்பச் சண்டையும் எந்தக் கெஜட்டியரில் இருக்கிறது?

உரிமை

இறக்க முடிகிறது என்றால் மறுபதிப்பு போடலாம் என்று அர்த்தமில்லை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆக வேண்டும், அல்லது நூல் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும்.

திருத்தாமல் விட்டுவிடுவது

மலர் அச்சாகி வீடு வீடாகப் போய்விட்டது. திருத்தம் போட இடமில்லை. தெரிந்தவர்களிடம் வாயால் சொன்னேன், அத்தோடு விட்டேன். நான்கு வருஷம் கழித்து ஒரு ஆய்வேட்டில் என் பஞ்சக் கதை அடிக்குறிப்போடு இருந்தது. அதற்கு அடுத்த வருஷம் அந்த ஊருக்குப் போயிருந்தபோது ஒரு அம்மா திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னார்: "தாது வருஷத்துல சோத்துக்கு இல்லாம மூணு மாவ வித்த வீடுங்க அது. எங்க பாட்டி சொல்லும்." அவர் பாட்டி அப்படிச் சொல்லியிருக்க வழியே இல்லை. மலரைப் படித்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் ஒரு திருத்தம் எங்காவது போட்டிருந்தால் காட்டவாவது செய்திருக்கலாம்.

இப்போது அதே கோயிலுக்கு அடுத்த கும்பாபிஷேகம். கமிட்டிக்காரர் போன் செய்தார், அந்தப் பஞ்சக் கட்டுரையை அப்படியே மறுபடி போட்டுக்கொள்ளலாமா என்று. வேண்டாம், முதல் பக்கத்தையும் வைத்துப் புதிதாக எழுதித் தருகிறேன் என்று நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப பஞ்சம் இல்லைங்களா? கலியாணமா?" என்றார். "சரி, ஒரு அரைப் பக்கத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க."