கோவில்பட்டி முதல் குமரி வரை: கூட்டமாகச் சைக்கிள் மிதிக்கும்போது செய்யக்கூடாதவை

ஆடி பிறந்த கையோடு எங்கள் குமரி டூரின் கடைசி நாள். கோவில்பட்டியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி கயத்தாறு, திருநெல்வேலி பைபாஸ், நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாகக் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். புதிதாக வந்த நான்கு பேரும், முதல் டூரில் நான் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்தார்கள். ஹெல்மெட், பஞ்சர் கிட், பின்லைட் பற்றி உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

விடிகாலை வேகம்

குளிர்ந்த காற்று, காலியான நாலுவழிச் சாலை, தூங்கி எழுந்த கால். 30 கிலோமீட்டர் வேகம் தானாக வரும். நாங்குநேரி தாண்டி வெயில் ஏறியதும் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியிருக்கும். முதல் இரண்டு மணி நேரம், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

பசித்த பிறகு சாப்பிடுவது

பசி தெரியும்போது நேரம் கடந்திருக்கும். கிளம்புவதே கோவில்பட்டியில், புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாயை விட்டுவிட்டு எனர்ஜி பார் தேடுகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு துண்டு, கூடவே தண்ணீர்.

புது சீட்

டூருக்கு வேண்டாம்.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் முன்சக்கரம்

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த முறையும் வள்ளியூர் தாண்டி ஒரு தம்பி இதையே செய்தான். மூன்று முறை சொன்னேன். "இடிக்க மாட்டேண்ணே, பார்த்துத்தான் வரேன்" என்றான். இடிப்பது பின்னால் வருகிறவர் அல்ல. முன்னால் போகிறவர் ஒரு சாண் விலகினால் போதும்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டும். முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நாம் தெற்கே போகிறோம், காற்று வலப்பக்கம் அடிக்கிறது. அப்போது முன்னவர் உடம்பு காற்றைத் தடுத்துத் தரும் காற்று மறைவு நேர் பின்னால் கிடைக்காது, முன்னவரின் இடப்பக்கப் பின்புறம் கிடைக்கும். சுகமாக இருப்பதால் உடம்பு தானாக அங்கே நகரும். முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்கு இடப்பக்கமாக ஓரடி நுழைந்திருக்கும். உங்களுக்கே தெரியாது.

பக்கக் காற்றில் எல்லாரும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டுவோம். ஒரு பஸ் வலப்பக்கமாக ஏறிப் போனால் அந்த நொடி காற்று நின்றுவிடும். சைக்கிள் பஸ்ஸை நோக்கிச் சரியும். பஸ் கடந்ததும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளும். முதல் டூரில் எனக்கு முன்னால் போன அண்ணனை அப்படித்தான் தள்ளியது. அவருடைய பின் டயர் என் முன் டயரில் 'சர்ர்' என்று உரசியது. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அவர் ஒன்றும் ஆகாமல் நேராகப் போனார். என் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பியது, உடம்பு வலப்பக்கம் விழுந்தது. வலப்பக்கம் என்றால் லாரி வரும் பக்கம். அன்றைக்கு வண்டி வரவில்லை. காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்தவர் என்மேல் ஏறி விழுந்து அவருடைய ரிம்மும் கோணியது. இரண்டு பேருடைய டூரும் குமரிக்கு இருபது கிலோமீட்டருக்கு முன்னால் முடிந்தது.

நேராகப் பின்னால் வாருங்கள். பை கட்டிய சைக்கிள் என்றால் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி, காவல்கிணற்றுப் பக்கம் இரண்டு. டயரைப் பார்க்காதீர்கள், முன்னவரின் தோளைத் தாண்டிச் சாலையைப் பாருங்கள். நெருங்கிவிட்டால் பிரேக்கைப் பிடிக்காமல் மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் படும் காற்றே வேகத்தைக் குறைக்கும். பந்தயக்காரர்கள் பக்கக் காற்றுக்கு மறைவு தேடிக் குறுக்குவாட்டில் அணிவகுப்பதைப் பார்த்துவிட்டு அதை இங்கே செய்யாதீர்கள். அவர்களுக்குச் சாலையை அடைத்துக் கொடுத்திருப்பார்கள், நமக்கு வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலடிதான். அந்த இருபது கிலோமீட்டருக்குக் காற்று மறைவு கிடையாது என்று முடிவு செய்துவிட்டு மெதுவாகப் போங்கள்.

முன்னால் போகும் முறை வந்தால்

வேகத்தைக் கூட்டாதீர்கள். முன்னவர் 22ல் போயிருந்தால் நீங்களும் 22. இரண்டு கூட்டினாலே கடைசியில் வருகிறவர் அறுந்துவிடுவார். எதிர்காற்றில் தனியாக விடப்பட்டவர் திரும்பச் சேர்வது பெரும்பாடு.

நிற்பது

முதலில் குரல், பிறகு பிரேக். நின்றால் தார் ரோட்டை விட்டு முழுதாக இறங்கி.

டீக்கடை

பத்து நிமிடம்.

குமரி சேர்ந்ததும்

போட்டோ எடுங்கள், கடலில் காலை நனையுங்கள். ரூமுக்குப் போனதும் குளிப்பதற்கு முன் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். உப்புக் காற்றில் ஈரச் செயினை விட்டுவைத்தால் மறுநாளே துரு தெரியும்.