வரிக்கணக்கில் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டால் கல்லூரி உதவித்தொகை கூடுமா?

அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், மார்ச் மாதம் வரிக்கணக்கை எடுத்துவைத்து உட்காரும்போது, "இந்த வருஷம் உங்க கணக்கிலே என்னைக் காட்டாதீங்கப்பா, எனக்கு உதவித்தொகை கூடக் கிடைக்கும்" என்று மகனோ மகளோ சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த யோசனையால் உதவித்தொகை ஒரு டாலர்கூடக் கூடாது. வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஒருவரைச் சார்ந்தவர் என்று கொள்ளும் விதி வேறு. கூட்டரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் கொள்ளும் விதி வேறு.

முழுநேர மாணவர், 24 வயதுக்கு உட்பட்டவர், தம் செலவில் பாதிக்கு மேல் தாமே ஏற்காதவர் என்றால், விடுதியில் தங்கியிருந்தாலும் பெற்றோர் அவரைத் தங்கள் வரிக்கணக்கில் பெரும்பாலும் காட்டலாம். ஃபாஃப்சாவோ யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஒரு பட்டியலைத்தான் பார்க்கிறது. 2026-27 கல்வியாண்டுக்கு, 2003 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவர், திருமணமானவர், முதுநிலைப் படிப்பில் சேர்பவர், முன்னாள் படைவீரர், தாமே பராமரிக்கும் குழந்தை உள்ளவர், 13 வயதுக்குப் பின் பெற்றோரை இழந்திருந்தவர் அல்லது வளர்ப்பு இல்லப் பராமரிப்பில் இருந்தவர் போன்றோரே தற்சார்பு மாணவர்கள், அதாவது பெற்றோரின் வருமானம் கணக்கில் வராதவர்கள். தனி வீடெடுத்து, வேலை செய்து, தானே வரி கட்டும் 20 வயதுப் பெண் இந்தப் பட்டியலில் எங்கும் வராவிட்டால், அவளுடைய பெற்றோரின் வருமானமும் விண்ணப்பத்தில் கணக்கிடப்படும்.

ஆகவே முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். வரிக்கணக்கைப் பிறகு பார்க்கலாம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வரிக்கணக்கில் காட்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டே குடும்ப அளவு முதலில் கணிக்கப்படுகிறது. பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டால் நால்வர் குடும்பம் மூவராகத் தெரியும். குடும்பம் சிறுத்தால் வருமானத்தில் கழிக்கப்படும் தொகையும் சிறுத்து, உதவித் தேவையை அளக்கும் எஸ்.ஏ.ஐ. எண் ஏறும், உதவி குறையும். விண்ணப்பத்திலேயே அதைத் திருத்தலாம் என்பது உண்மைதான், ஆனால் திருத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. தவிர, 2026-27 விண்ணப்பம் பார்ப்பது 2024-ஆம் ஆண்டின் வரிக்கணக்கை. இப்போது எடுக்கும் முடிவு அதற்கு எட்டாது.

வரிப் பக்கத்திலும் இழப்பு உண்டு. கல்விச் செலவுக்காக 2,500 டாலர் வரை கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி சலுகையைப் பிள்ளையைக் காட்டும் பெற்றோரே பெறுவர். விட்டுக்கொடுத்தால், வரியே அதிகம் கட்டாத மாணவரிடம் அது பெரும்பாலும் பயன்படாது. மாணவர் தனியே வரிக்கணக்கு தாக்கல் செய்தால், "வேறொருவர் உங்களைச் சார்ந்தவராகக் காட்ட முடியுமா" என்ற கேள்வியை நிதானமாகப் படிக்க வேண்டும்; காட்டினார்களா என்பதல்ல, காட்ட முடியுமா என்பதே கேள்வி.

பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், கடந்த 12 மாதங்களில் பிள்ளைக்கு அதிகம் செலவழித்தவரின் விவரமே ஃபாஃப்சாவுக்கு வேண்டும். வரிக்கணக்கில் காட்டியவர் மற்றவராகவும் இருக்கலாம். அதிகம் செலவழித்தவர் மறுமணம் செய்திருந்தால் அந்தத் துணையின் வருமானமும் சேரும்.

பெற்றோர் பணம் தர மறுப்பதோ வரிக்கணக்கில் காட்டாததோ மட்டும் தற்சார்புக்குக் காரணமாகாது. வீட்டில் கொடுமை, பெற்றோரோடு தொடர்பே அறுந்த நிலை போன்றவற்றுக்குச் சான்றுகளுடன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தை அணுகலாம். அவர்கள் ஆய்ந்து முடிவு செய்வார்கள். தற்சார்பு நிலை கிடைத்தால் கூட்டரசு தரும் மாணவர் கடனின் அளவும் மாறும்: முதலாண்டில் சார்ந்த மாணவருக்கு 5,500 டாலர், தற்சார்பு மாணவருக்கு 9,500 டாலர். பெற்றோர் பெயரில் கூட்டரசு தரும் ப்ளஸ் கடன் மறுக்கப்பட்டாலும் சார்ந்த மாணவருக்குக் கூடுதல் 4,000 டாலர் கிடைக்கும் என்பதால், அந்த மறுப்புக் கடிதத்தை அலுவலகத்திடம் காட்டத் தவறாதீர்கள்.